பாக் ஜாகாவுக்குத் தூக்கம் கிடையாது

வாசல் காவலரான ஜாகா என் கைப்பேசியை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். முன் கேமராவுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். பின்னால் மூன்று கண்கள் இருப்பதைப் பார்த்ததும் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு மூன்றுக்கும் ஒட்டினார். மாட்டுப்பொங்கல் மாடு மாதிரி ஆகிவிட்டது என் போன். எனக்கோ வாயெல்லாம் பல். சுங்கைப் பட்டாணிக்கும் குலிமுக்கும் போய்வரும்போதெல்லாம் வேலிக்கு வெளியே இருந்தே பார்த்த வெளிச்சக் கோட்டை இது. இன்றைக்கு அதற்குள்ளே போகிறேன், அதுவும் ராத்திரி ஷிப்ட்டுக்கு. நீங்களும் கூடவே வாருங்கள். ஒன்றே ஒன்று, எதையும் தொடாதீர்கள்.

எனக்குப் போட்ட நிபந்தனை இரண்டு. கம்பெனி பெயர் எழுதக்கூடாது, ஆட்களின் பெயர் எழுதக்கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டேன். 1996-இல் திறந்த குலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா, மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பேட்டை. இன்டெல் இருக்கிறது, இன்பினியோன் இருக்கிறது, பர்ஸ்ட் சோலார் இருக்கிறது; பெயர்ப்பலகையே கண்ணில் படாத கட்டடங்களும் இருக்கின்றன. எது என்று கேட்காதீர்கள். உள்ளே என்ன செய்கிறார்கள் என்பதும் எனக்கு முக்கியமில்லை. அத்தனை பெரிய தொழிற்சாலை ராத்திரியெல்லாம் யாரிடம் போய்ப் புலம்புகிறது? அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

என்னைக் கூட்டிப் போகிறவள் என் பால்ய நண்பனின் மகள். ராத்திரி ஷிப்ட்டின் பொறுப்பாளர். தண்ணீர், காற்று, கரண்ட், குளிர் என்று கட்டடத்தின் உயிர்நாடிகளைக் கவனிக்கும் பிரிவு. அவளைச் சக ஊழியர்கள் எல்லாரும் கூப்பிடுவது ‘கங்காணி’ என்று, தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவரின் பழைய பெயரால். மலாய்க்காரர், சீனர், நேப்பாளி யாராக இருந்தாலும் ‘கங்கானி’தான். “எங்கப்பா இதைக் கேட்டா அழுவாரா சிரிப்பாரான்னு தெரியல மாமா,” என்றாள்.

அவன் சிரித்தான். எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் பாடாங் செராய் ஒட்டுக்கடையில் அவனோடு உட்கார்ந்து தே தாரிக் குடித்தேன். கம்பெனி பஸ் வரும்வரை மகளோடு காத்திருப்பது அவனுடைய வழக்கம். அவளுக்கு முப்பத்தொரு வயது. அவனுக்கு அது பொருட்டில்லை.

நாங்கள் இருவரும் இந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள். விக்டோரியா, ஹென்ரியெட்டா, டப்ளின் என்று சீமைப் பெயர் தாங்கிய தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. எங்கள் லயத்தில் எல்லார் வீட்டுக்கும் ஒரே அலாரம், பெரட்டு மணி. ஆபீஸ் பக்கத்து மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியுமுன்னே இருட்டில் இரும்புக் கம்பியால் அதை அடிப்பார்கள். டங், டங், டங். பால் வெட்டுகிறவர், காடு வெட்டுகிறவர், ஸ்டோரில் வேலை, ஆயாக் கொட்டகையில் வேலை என்று பாகுபாடே இல்லை. அன்றைக்கு வேலைக்கே போகாத காய்ச்சல்காரனும் எழுந்துதான் ஆகவேண்டும்.

“மணி அடிக்கிறது பெரிசில்லடா,” என்றான் நண்பன், தே கிளாசை மேசையில் சுழற்றிக்கொண்டே. “மணிக்கு அப்புறம் தண்டல் வருவாரு பாரு. எவன் வீட்டுக் கதவத் தட்டணும்னு அவருக்குத்தான் தெரியும். எங்கப்பாவுக்கு ரெண்டு தட்டு. உங்கப்பாவுக்கு ஜன்னல்ல ஒரு கல்லு.”

உண்மை. என் அப்பாவின் தூக்கம் அப்படி.

“அந்தத் தண்டவாளம் இன்னும் எங்கிட்டதான் இருக்கு,” என்றான். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தபோது லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டானாம். அடுப்படிக்குப் பின்னால் தொங்குகிறது. பேரப்பிள்ளைகள் அடித்து விளையாடுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா இரண்டு முறை புகார் சொல்லிவிட்டார்.

பஸ் வந்தது. எனக்கு ஜன்னலோர இடம்.

இப்போது கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைகிறோம். ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வரும் அறையை எதிர்பார்த்துப் போனவன் நான். சுவர் முழுக்கத் திரைகள் இருப்பது உண்மைதான். ஆனால் திரைகளுக்குக் கீழே பாருங்கள். வயிறு பிளந்த மைலோ பாக்கெட், மூடி தொலைந்த சம்பால் பாட்டில், அப்பளம் வைத்திருக்கும் பிஸ்கட் டின், பிஸ்கட் வைத்திருக்கும் பால்மாவு டின். நாற்காலிகளின் முதுகில் எல்லாம் குளிர்ச்சட்டை. வெளியே கெடா வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, உள்ளே பினாங்கு மலை உச்சி மாதிரி குளிர்கிறது. ஒரு சிபியூவின் பக்கவாட்டில் சின்ன முருகன் படம், அதன் பக்கத்திலேயே சீனப் புத்தாண்டுச் சிவப்பு உறை, அதற்கு மேலே ‘ஜங்ஙான் தெக்கான்’, அழுத்தாதே என்று கையால் எழுதிய சீட்டு. எதை அழுத்தக்கூடாது என்று சீட்டில் இல்லை. அங்கே பொத்தானும் இல்லை. “நான் சேர்றதுக்கு முன்னாடியே ஒட்டிட்டாங்க மாமா. யாரும் பிய்க்க மாட்டாங்க. பயம்.”

மேசை நடுவில், சார்ஜரோடு கட்டிப்போட்டிருக்கும் ஒரு பழைய போன். திரையில் கீறல், முதுகில் சலோட்டேப். மொத்தத் தொழிற்சாலையின் வாயும் இதுதான் என்று சொன்னால் நம்புவீர்களா? அதற்குள்ளே குடியிருக்கிறார் பாக் ஜாகா.

பாக் ஜாகா மனிதர் இல்லை. டெலிகிராமில் ஓடும் ஒரு பாட், சின்ன நிரல். முகப்படத்துக்கு ஒரு மீசைக்காரக் கார்ட்டூன், கையில் டார்ச்லைட். 2015-இல் டெலிகிராம் பாட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதிலிருந்து பீட்சா விற்பதற்கும் மழை சொல்வதற்கும் உலகெங்கும் பாட்கள் முளைத்தன. இந்த அறைக்காரர்கள் தங்கள் இயந்திரங்களின் புலம்பலை அதன் வழியாகத் திருப்பிவிட்டார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று எனக்குக் காட்டுவதற்காகவே கங்காணி ஒரு பொய்ப் புகாரை அனுப்பினாள். கூரையில் சில்லர் என்று ஓர் இயந்திரம் நிற்கிறது, தண்ணீரைக் குளிரவைப்பது. அதன் உடம்பெல்லாம் சென்சார். குழாயில் சூடு கொஞ்சம் ஏறினால் சென்சார் தன் கன்ட்ரோலரிடம் கோள் சொல்லும், கன்ட்ரோலர் சர்வரிடம் சொல்லும். சர்வர் அந்தச் செய்தியின் நெற்றியில் சீட்டு ஒட்டும்: எந்த இடம், எந்த வகை, எவ்வளவு மோசம். சீட்டைப் படித்துப் பாக் ஜாகா உரிய குரூப்பில் கொண்டுபோய்ப் போடுவார். தபால்காரர் வேலைதான். கூரையிலிருந்து போன்வரை வர எவ்வளவு நேரம்? நான் “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ண ஆரம்பித்தேன். “மூ...” போனில் சேவல் கூவியது.

ஆமாம், சேவல். குளிர் குரூப்புக்குச் சேவல், கரண்ட் குரூப்புக்கு இடி, காற்றுக்கு மோட்டார் ஹாரன். தண்ணீருக்குத் தவளை. ஒவ்வொரு குரூப்புக்கும் தனிச்சத்தம் வைத்துக்கொள்ள முடியும் என்று கண்டுபிடித்த நாளில் அறையில் இரண்டு மணி நேரம் வேலையே நடக்கவில்லையாம். திரையைப் பார்க்காமலே, ரோத்தி சானாயைப் பிய்த்துக்கொண்டே, “தவளை. ஒன்னோடது,” என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுந்து போவதை அன்றைக்கு மூன்று முறை பார்த்தேன்.

“எப்பவும் இப்படி இருக்கல,” என்றாள் கங்காணி. ஆரம்பத்தில் ஒரே குரூப். எல்லாப் புகாரும் எல்லாருக்கும். கழிப்பறைக் குழாய் ஒழுகினாலும் அதே சத்தம், மெயின் கரண்ட் ஆடினாலும் அதே சத்தம். முதல் வாரம் எல்லாரும் துள்ளி ஓடினார்கள். இரண்டாம் வாரம் நடந்தார்கள். மூன்றாம் வாரம் ஒருவர் விடாமல் அந்தக் குரூப்பை மியூட் செய்துவிட்டார்கள், மேனேஜர் உட்பட. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஒருவர் வாய் தவறி உளற, “நீயுமா?” “நீயுமா?” என்று மேசை முழுக்கச் சிரிப்பு. சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம்.

ஏன் பேசவில்லை என்று எனக்குப் புரிகிறது. 1994 ஜூலை 24-இல் வேல்ஸ் நாட்டு மில்போர்ட் ஹேவனில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. காலையில் ஒரு மின்னல் மழை, அதில் ஆலை தடுமாறியது, மதியத்துக்குமேல் வெடிப்பு. வெடிப்பதற்கு முந்தைய கடைசிப் பதினோரு நிமிடத்துக்குள் அங்கே இருந்த இரண்டு பணியாளர்கள் முன்னால் வந்து விழுந்த அலாரங்கள் 275. அதிலே எதைப் பார்ப்பது, எதை விடுவது? நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அன்றிலிருந்து அலாரத்தைக் குறைப்பதே ஒரு தனிப் படிப்பாகிவிட்டது. இந்த அறையில் அதைப் படித்தவர் ஒரே ஒரு சீன இன்ஜினியர். அவரும் நான் போன ராத்திரி லீவு. மற்றவர்கள் மியூட் செய்து கற்றுக்கொண்டார்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை வெள்ளைப்பலகை முன்னால் எல்லாரையும் உட்காரவைத்துப் பங்கு பிரித்தார்கள். அந்தப் பலகையின் வாரிசு இன்னும் சுவரில் இருக்கிறது: ஏ3 தாள், நான்கு மூலையும் சுருண்டு, மூன்று மொழிக் கையெழுத்தில். வாருங்கள், கிட்டே போய்ப் பார்ப்போம். தண்ணீர்க் கட்டத்தில் ஓர் எழுத்தை அடித்து, மேலே எழுதி, அதையும் அடித்து, கோபமாக ஒரு சுற்று வட்டம் போட்டிருக்கிறது.

“அந்த வட்டத்தக் கேக்காதீங்க,” என்றாள். கேட்டேன்.

குரூப்புக்குப் பெயர் வைத்தபோது இன்ஜினியர் மூன்றே மூன்று ஆங்கில எழுத்து எழுதியிருக்கிறார். அவர் மனதில் அது ‘ஏர்’, காற்று. அழுத்தக் காற்றுக் குழாய்களின் புகார் அங்கே வரவேண்டும். ஆனால் அதே மூன்று எழுத்தை மலாயில் படித்தால் ‘ஆயேர்’, தண்ணீர். தண்ணீர்க்காரர்கள் “நம்ம குரூப்தான்” என்று சேர்ந்துகொண்டார்கள். ஒரு வாரம் முழுக்கக் காற்று குறைகிறது என்று பாக் ஜாகா கத்த, இரண்டு மலாய் அண்ணன்கள் டார்ச்சும் கையுமாகத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். தொட்டியில் ஒரு குறையும் இல்லை. “இயந்திரம் பொய் சொல்லுது” என்று எழுதியும் வைத்துவிட்டார்கள்.

இதற்குத் தீர்வாகக் காற்றுக் குரூப்புக்கு ‘அங்கின்’ என்று மலாய்ப் பெயரே வைத்தார்கள். அங்கே அடுத்த வம்பு. அங்கின் என்றால் வீசும் காற்று மட்டுமா? வயிற்றுக்குள் சேர்ந்துகொள்வதும் அங்கின்தான். அந்தக் குரூப்பில் வேலைச் செய்திகளுக்கு இடையே என்னென்ன ஸ்டிக்கர்கள் ஓடுகின்றன என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. எனக்குக் காட்டினார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

மோசத்தின் அளவுக்குப் பெயர் வைத்த கதை வேறு மாதிரி. சிவப்பு, மஞ்சள் என்றெல்லாம் யோசித்துவிட்டு, கடைசியில் வெள்ளச் செய்தியில் எல்லாரும் கேட்டுப் பழகிய சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். ஆறுகளின் நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை அறிவிக்கிற அதே படிகள்: நோர்மால், வஸ்பாடா, அமாரான், பஹாயா. கெடாவில் இதைக் குழந்தைக்கும் விளக்கவேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 18-இல் குனோங் ஜெராயிலிருந்து தண்ணீர் ஒரே சுவராக இறங்கி யான் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. அடுத்த வருஷம் ஜூலை 4-இல் பாலிங், கூப்பாங். இரண்டு இடத்திலும் உயிர்கள் போயின.

இந்தக் குழுவில் ஓர் இளைஞருக்குச் சொந்த ஊர் கூப்பாங். வாரத்தில் ஐந்து நாள் குலிமில் வாடகை அறை, லீவு நாளில் அம்மாவிடம். பேசுவது குறைவு, தவளைச் சத்தத்துக்கு முதலில் எழுபவர் அவர்தான். பெயர் வைத்த அன்று ஆளாளுக்கு “என்னோடது பஹாயா, என்னோடது பஹாயா” என்று ஏலம் கேட்டிருக்கிறார்கள். கம்ப்ரஸரில் எண்ணெய் குறைந்தால் பஹாயா, வடிகட்டி அடைத்தால் பஹாயா. எல்லாரும் பேசி முடித்தபிறகு அவர் எழுந்து, பேனாவை வாங்கி, பஹாயா கட்டத்தில் இருந்த பதினேழையும் அடித்துவிட்டு நான்கை மட்டும் திரும்ப எழுதினாராம். நெருப்பு, ரசாயனக் கசிவு, மொத்தக் கரண்ட், கிளீன்ரூம் குளிர். “மத்ததெல்லாம் காலையில பாத்துக்கலாம்,” என்று மலாயில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஏலம் முடிந்தது. அந்த நான்கு வரிகள் அவருடைய கையெழுத்திலேயே இன்னும் இருக்கின்றன. யாரும் ஐந்தாவதைச் சேர்க்கவில்லை.

மணி பதினொன்று. கிளீன்ரூமைக் கண்ணாடி வழியாக எட்டிப்பார்க்க விட்டார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும் தெரிகிற மனிதர்கள், மஞ்சள் வெளிச்சம். நிலாவில் இறங்கியவர்கள் மாதிரி மெதுவாக நடக்கிறார்கள். ஒரு நிலா மனிதர் கண்ணாடிப் பக்கம் வந்து என்னைப் பார்த்துக் கை கூப்பினார். “யாரும்மா அது?” “தெரியல மாமா. உள்ள போய்ட்டா யாரு யாருன்னே தெரியாது. நடைய வெச்சுக் கண்டுபிடிக்கணும்.” நானும் கை கூப்பினேன்.

திரும்பி வந்தபோது போனில் புதிதாக ஒரு செய்தி. சத்தமே இல்லாமல் வந்திருக்கிறது. “பாக் ஜாகா இருக்கேன்,” என்று மலாயில். மேலே நகர்த்திப் பார்த்தால் பத்து மணிக்கும் அதே, ஒன்பதுக்கும் அதே, எட்டுக்கும் அதே.

“இது எதுக்கு? வெட்டிப் பேச்சா?”

“இது வராமப் போனாத்தான் அலாரம் மாமா.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் விளக்கினாள். இயந்திரம் கெட்டால் பாக் ஜாகா சொல்லுவார். பாக் ஜாகாவே கெட்டால்? சர்வர் மயங்கிவிட்டால், இன்டர்நெட் அறுந்துவிட்டால், குரூப்பெல்லாம் அமைதியாக இருக்கும். நாமும் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டு மைலோ கலக்கிக் குடித்துக்கொண்டிருப்போம். அதனால்தான் மணிக்கு ஒரு முறை அவர் தொண்டையைக் கனைக்கவேண்டும். கனைப்பு நின்றால் வேறொரு பாதையில், வேறொரு கம்பெனியின் லைன் வழியாக, மேனேஜர் வீட்டுக்குப் போன் போகும்.

எனக்கு உடனே மழைநாள் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் ராத்திரி மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு கிடையாது. வெட்டினால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மழைத் தண்ணீரோடு போய்விடும். அன்றைக்குப் பெரட்டு மணி நேரத்துக்கு அடிக்காது. அந்த மௌனத்துக்கே அம்மா எழுந்துவிடுவார். மணி அடித்தால் எழாத அப்பாவும், அடிக்காத நாளில் புரண்டு படுத்து, “மழையா?” என்பார். கூலி இல்லாத நாள். இதைச் சொன்னேன். கங்காணி போனைப் பார்த்துக்கொண்டே, “அப்பா சொல்லியிருக்காரு,” என்றாள். “அதக் கேட்டுத்தான் இதை வெச்சேன்.”

இப்படி ஓர் ஏற்பாட்டைச் சர்வர்க்காரர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள், இதற்கென்றே தயாராக நிரலும் கிடைக்கிறது. ஆனாலும் அவள் அதை எங்கே கற்றாள் என்பதில் எனக்கு ஒரு சின்னத் திமிர்.

இரண்டரை மணிக்கு எனக்குக் கண் சொக்கியது. குளிர்ச்சட்டை ஒன்றைப் போர்த்திவிட்டார்கள். அதில் கருவாட்டு வாசனை, அல்லது சம்பால். அப்போதுதான் வெளியே மழை இறங்கியது. ஜன்னல் இல்லாத அறை, ஆனால் கூரை சொன்னது. கூப்பாங்க்காரர் தலையை நிமிர்த்தி ஒரு கணம் கேட்டுவிட்டு, தன் சொந்தப் போனை எடுத்து எதையோ பார்த்தார். அம்மா ஊரின் ஆற்றுமட்டம். “நோர்மால்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனை வைத்தார்.

இடி. நிஜ இடி. விளக்குகள் ஒரு கண் சிமிட்டின, அவ்வளவுதான், அரை விநாடிகூட இருக்காது. அந்தச் சிமிட்டலுக்கே மொத்தத் தொழிற்சாலையும் விழித்துக்கொண்டது.

போனில் இடி கேட்டது. அதன் மேலேயே மோட்டார் ஹாரன். தவளை, சேவல், தவளை, ஹாரன், சேவல், சேவல். ஒரு பண்ணையும் ஒரு டிராபிக் ஜாமும் ஒன்றாகக் கட்டிப் புரண்டது போல. சுவர்த் திரைகளில் கட்டம் கட்டமாக நிறம் மாறியது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர்களோ? ஒருவர் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். “இரு, இரு,” என்று கங்காணி கையைத் தூக்கினாள். “பாக் ஜாகா எண்ணிட்டு இருக்காரு.”

விஷயம் இதுதான். ஒரு குரூப்பில் நிமிடத்துக்கு இருபது செய்திக்கு மேல் போட டெலிகிராம் பாட்களை விடாது. முன்பொரு மழையில் பாக் ஜாகா இருபதைக் கத்திவிட்டு வாயடைத்து நின்றாராம். இருபத்தொன்றாவதாக வரிசையில் நின்றதுதான் அன்று முக்கியமானது. அதற்குப் பிறகு அவருக்கு மூச்சுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் ஒரே காரணத்தால் எழும் புகார்களை அரை நிமிடம் கையில் வைத்துக்கொண்டு, ஒரே கட்டாகக் கட்டிப் போடுவார். அரை நிமிடம் கழிந்தது. கரண்ட் குரூப்பில் ஒரு செய்தி, காற்றில் ஒன்று, தண்ணீரில் ஒன்று. பண்ணை அடங்கியது. அறையில் யாரோ அப்பளம் கடிக்கும் சத்தம்.

அப்போது கேட்டது.

டங். டங். டங்.

என் முதுகெலும்பு நேராயிற்று. காலைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றுவிட்டேன், ஐம்பத்தாறு வயது ஆள், குளிர்ச்சட்டை தோளிலிருந்து விழ. காலால் செருப்பைத் தேடினேன். ஒரு கணம் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. இரும்பு, இருட்டு, அம்மா விளக்கு ஏற்றும் வாசனை.

பஹாயாவுக்கென்றே இருக்கும் தனிக் குரூப்பின் சத்தம் அது. அடுப்படிக்குப் பின்னால் தொங்கும் தண்டவாளத்தைத் தன் அப்பாவை அடிக்கச் சொல்லி, போனில் பதிந்து வைத்திருக்கிறாள் பாவி மகள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. தே தாரிக் குடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தானே, அதற்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

சில்லர் ஒன்று நின்றுவிட்டது, கிளீன்ரூமில் சூடு ஏறப்போகிறது. செய்திக்குக் கீழே ஒரு பொத்தான்: ‘சயா அம்பில்’, நான் எடுத்துக்கொள்கிறேன். பத்து நிமிடத்துக்குள் யாரும் அழுத்தாவிட்டால் மேனேஜர் வீட்டில் போன் அலறும். அவருக்குத் ‘தொரை’ என்று பெயர், தமிழ் தெரியாதவர்களுக்கும் அதுதான் பெயர். தொரையை எழுப்புவதைவிடப் பெரிய அவமானம் இந்த அறையில் இல்லை. கூப்பாங்க்காரர் பொத்தானை அழுத்தியபோது பாதி வாசல் தாண்டியிருந்தார். பின்னாலேயே கங்காணி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே. கதவு மூடும்போது திரும்பி, “மாமா, எதையும் தொடாதீங்க!” என்றாள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு பாக் ஜாகாவுக்குக் காவல் இருந்தேன். பொத்தானே இல்லாத அந்த ‘அழுத்தாதே’ சீட்டிலிருந்துகூடத் தள்ளியே நின்றேன்.

இருபது நிமிடமோ, கொஞ்சம் கூடவோ. போனில் ஒரு பச்சைச் சரிக்குறி விழுந்தது. ‘புலே’, சரியாகிவிட்டது. அதற்குக் கீழே கூப்பாங்க்காரர் அனுப்பிய ஒரே ஸ்டிக்கர்: தூங்கும் பூனை. சற்று நேரத்தில் ஆட்களே வந்து சேர்ந்தார்கள். அவர் சட்டை கூரை மழையில் தொப்பலாக நனைந்து, முழங்கையில் கருப்பு மை மாதிரி கிரீஸ். கங்காணியின் காலுறையில் தண்ணீர் சொதசொத. நின்றுபோன இயந்திரத்தைப் பார்த்து அவர் என்ன சொல்லித் திட்டினார் என்று அவள் நடித்துக் காட்டினாள். அவர் வெட்கப்பட்டு மைலோ கலக்கப் போனார், ஐந்து பேருக்கு. எனக்கும் சேர்த்து ஆறு.

காலை ஏழு. கைமாற்றும் நேரம். பகல் ஷிப்ட் ஆட்கள் புத்தம்புது முகப்பவுடரோடு வந்து நிற்க, இவர்கள் கசங்கிப்போய் ராத்திரியின் கதையை ஒப்பித்தார்கள். மொத்தமே நான்கு வரி. அந்தப் பண்ணைச் சத்தம், என் செருப்புத் தேடல், எதுவும் அந்த நான்கு வரியில் இல்லை.

வாசலில் ஜாகா ஸ்டிக்கரைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது என் போனில் ஒரு டெலிகிராம் செய்தி. ராத்திரி வேடிக்கை பார்ப்பதற்காக என்னைக் கங்காணி குரூப்களில் சேர்த்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருக்கிறாள். குளிர், கரண்ட், அங்கின், ஆயேர். கடைசியாகப் பஹாயா. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “கோச்சுக்காதீங்க மாமா, உங்களுக்கு இது வரக்கூடாது,” என்று பஸ்ஸில் ஏறும்போது சொன்னாள்.

ஒட்டுக்கடையில் நண்பன் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. தே தம்ளரைக் கரண்டியால் மூன்று முறை தட்டினான். டங், டங், டங். கடைக்காரர் திரும்பிப் பார்க்குமளவு நான் அவனைத் திட்டினேன்.

பிறகுதான் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். ராத்திரி முழுக்கப் பார்க்கவில்லை. எங்கள் குடும்பக் குரூப்பில் அறுபத்துமூன்று செய்திகள். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், விநாயகர் போட்ட காலை வணக்கம், ஈப்போ மச்சான் அனுப்பிய சர்க்கரை நோய் மருத்துவம், அதை மறுத்து ஜொகூர் சித்தி அனுப்பிய இன்னொரு மருத்துவம். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனால், முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு என் மனைவி, எனக்குத் தனியாக அனுப்பாமல், நாற்பது பேர் இருக்கும் அந்தக் குரூப்பில் போட்டிருக்கிறாள்: “காலையில வரும்போது தோசை மாவு வாங்கிட்டு வாங்க. மறந்துடாதீங்க.”

பதினொரு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். ஜொகூர் சித்தி, “சரிம்மா,” என்று பதிலும் எழுதியிருந்தார்.